ஞாயிற்றுக்கிழமை மாற்றாள்

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மழை விடியலில் சற்றே ஓய்ந்திருந்தது. எனினும் தென்மேற்குக் காற்று அடங்கவில்லை. வானம் ஈரச் சாம்பலின் நிறத்தில் உப்பங்கழியின் மேல் தாழ்ந்து கிடந்தது.

பாராடாங் தீவில், அக்கழியின் கரையை ஒட்டி, போர்ட் பிளேர் ஒப்பந்தக்காரர் ஒருவரின் மரவெட்டு முகாம் இருந்தது. காட்டில் வெட்டுண்ட மரங்களை யானைகள் கரைக்கு இழுத்து வரும். அவற்றைக் கரைமேட்டில் அடுக்கி, கடல்நீர் ஓதமாக ஏறும் வேளை பார்த்து உருட்டி இறக்கிப் பார்ஜ் என்னும் தட்டைப் படகில் ஏற்றுவது முகாமின் ஆட்களுக்கு உரிய வேலை. ஓதத்துக்குக் கிழமை தெரியாது. ஆதலால் அங்கே எல்லாருக்கும் பொதுவான விடுமுறை என்று ஒன்று இல்லை. ஆளுக்கு ஒரு நாளாக முறை வைத்து ஓய்வு கொடுத்தார்கள். தங்கையாவுக்கு வாய்த்த ஓய்வு நாள் செவ்வாய்.

தங்கையா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவன், இருபத்திரண்டு வயதினன், கிறிஸ்தவன். ஊர்க் கோயிலில் திடப்படுத்தல் என்னும் சடங்கைப் பெற்ற நாளில், தான் உண்ணும் சோறும், செய்யும் வேலையும், பேசும் சொல்லும் ஆண்டவருக்கே உரியன என்று அவன் வாக்களித்திருந்தான். அந்த வாக்கைத் தீவுக்கும் கொண்டுவந்தான். குடிப்பதில்லை, வைதால் திருப்பி வைவதில்லை, தன் பங்கு உப்பையும் புளியையும் கேட்டவனுக்குக் கொடுத்துவிடுவான். விசுவாசம் என்பது பாட்டிலும் பிரசங்கத்திலும் இருப்பதைக் காட்டிலும், சேற்றில் கடப்பாரை பிடித்து நிற்கும் கையில் இருக்கவேண்டும் என்பது அவன் எண்ணம். முகாம் அவனுக்குப் பாதிரி என்று பெயர் வைத்திருந்தது.

அவனுக்கு இருந்த ஒரே குறை ஞாயிற்றுக்கிழமை. முகாமுக்கு அப்பால், ராஞ்சியிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள் மூங்கிலால் ஒரு ஜெபக் கொட்டகை கட்டியிருந்தன. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் நாலு வார்த்தை இந்தியில் எடுத்துச் சொல்லவும் அவர்களுக்குத் தங்கையாவை விட்டால் ஆள் இல்லை. ஓய்வு முறையை மாற்றித் தரும்படி அவன் போர்ட் பிளேரிலிருந்த மேனேஜர் கிருஷ்ணமூர்த்தியிடம் விண்ணப்பித்தான். ஒருவனுக்கு மாற்றினால் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

அவ்வேளையில் கைகொடுத்தவன் ஜம்புலிங்கம். இராமநாதபுரத்துக்காரன், தங்கையாவின் அடுத்த குடிசைக்காரன், முப்பதைத் தாண்டியவன். முருகனைக் கும்பிடுகிறவனாகையால் அவனுக்குச் செவ்வாய் வேண்டும், வாய்த்திருந்ததோ ஞாயிறு. இருவரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஞாயிறுதோறும் ஜம்புலிங்கம் வேலைக்குப் போய்த் தங்கையாவின் பெயருக்கு ஹாஜர் சொல்வான். செவ்வாய்தோறும் தங்கையா போய் ஜம்புலிங்கத்தின் பெயருக்குச் சொல்வான். காலையில் பெயர் கூப்பிடும் முன்ஷி வடக்கத்தி மனிதர். சாக்கை முக்காடாகப் போட்டு மழையில் நிற்கும் உருவங்களில் யார் எவர் என்று அவருக்குப் பிரித்தறிய முடியாது. குரல் வந்தால் போதும். மேஸ்திரி சண்முகத்துக்கு விஷயம் தெரியும். வேலை நடக்கிறது என்று அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அன்று காலையிலும் ஜம்புலிங்கம் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்தபடி தங்கையாவின் வாசலுக்கு வந்தான்.

"ஏப்பா பாதிரி, கெளம்பலையா? உங்க சாமி வெள்ளனவே வந்து ஒக்காந்துருக்குமே."

"அண்ணே, ராத்திரி பூரா மழெ. கரை வழுக்குமே. இன்னைக்கி வேணா நானே போறேன்."

"நீ போனா அந்த ராஞ்சி லோக் யாரு மொகத்தப் பாக்கும்? போயி ஜெபத்தப் பண்ணு. எனக்கும் சேத்து ஒரு வார்த்தை போட்டு வையி. செவ்வாக்கெழமை முருகன்கிட்ட ஒனக்கு நான் சொல்றேன்ல?"

"எனக்காவ என்ன கேக்கிய?"

"ஒரு பொண்ணுதான். இந்த மூஞ்சிக்கு மனுசன் பாத்து நடக்கப்போறதில்ல, சாமி பாத்தாத்தான் உண்டு."

அடுத்த குடிசையிலிருந்து அவன் மனைவி மரகதம் சிரித்தாள். "ஹாஜர் சொல்றப்ப இருமித் தொலைக்காதீங்க. போன வாரம் 'தங்கையா பீமார் ஹை?'ன்னு முன்ஷி கேட்டுப்புட்டாராம்."

ஜம்புலிங்கம் வேண்டுமென்றே இருமிக்கொண்டே சேற்றில் இறங்கிப் போனான்.

தங்கையா கொட்டகைக்குச் சென்றான். ஈர மூங்கில் பலகையில் இருந்தவர்கள் தம் மொழியில் ஒரு பாட்டுப் பாடி முடித்தார்கள். அவன் எழுந்து, உடைந்த இந்தியில், வேலையே வழிபாடு என்று பேசத் தொடங்கினான். வாரத்தின் ஆறு நாளும் ஆண்டவர் நம்மோடு மரம் உருட்டுகிறார் என்று சொன்னான். அந்த வாக்கியம் அவனுக்கே பிடித்திருந்தது. மறுமுறை சொல்ல வாயெடுத்தபோது, கரைப்பக்கமிருந்து தரை அதிரும்படி ஓர் ஓசை எழுந்தது. அதைத் தொடர்ந்து ஆட்களின் கூக்குரல்.

அவன் ஓடிச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மழையில் ஊறிய மண் பிடிப்பை விட்டதனால் அடுக்குக்கு முட்டுக் கொடுத்த முளை பெயர்ந்து, படாக் மரம் ஒன்று உருண்டு, கீழே ஆப்பு வைத்துக்கொண்டிருந்த ஜம்புலிங்கத்தின் மேல் ஏறி நின்றது. அதை அகற்ற யானையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அன்று பிற்பகலே தகனம் செய்தார்கள். ஓராயிரம் மரம் அடுக்கிக் கிடந்த அம்முகாமில், ஒருவனை எரிப்பதற்கு உலர்ந்த விறகு கிடைக்கவில்லை. குடிசைக்குக் குடிசை அடுப்படியில் சேர்த்து வைத்திருந்ததைப் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மழை மறுபடி வலுக்கும் முன் தீ ஒருவாறு பற்றிக்கொண்டது. தங்கையா கொள்ளி வைத்தவனுக்கு அருகில் நின்றான். வாய் எதையோ முணுமுணுத்தது. அது ஜெபமா அல்லவா என்று அவனால் சொல்ல இயலவில்லை.

திங்களன்று மேஸ்திரி சண்முகம் அவனைத் தனியே ஒரு மரத்தடிக்கு அழைத்தார்.

"புதன்கெழமை மேனேஜர் லாஞ்சுல வர்றார். விசாரணை. நல்லாக் கேட்டுக்க. முறையை நான்தான் மாத்தி விட்டேன்னு சொல்லப்போறேன். ஜம்புலிங்கம் அவன் பேர்லயே வேலைக்கு வந்தான், ஒனக்கு அன்னைக்கி சுட்டி, ஓய்வு நாளு. முன்ஷிகிட்டயும் பேசியாச்சு. அவரும் தலையாட்டுறேன்னுட்டார்."

"அது பொய்யில்லா மேஸ்திரி?"

"பொய்தான். போன வருசம் மரத்துல அடிபட்டுச் செத்தானே தெலுங்குக்காரன், அவன் பொஞ்சாதிக்கு மெஸ்ஸுல வேலை குடுத்து, குடிசையையும் விட்டு வச்சிருக்காங்கள்ல? ட்யூட்டில செத்தவன் பொஞ்சாதிக்குத்தான் அது. சுட்டில செத்தவனுக்கு ஒண்ணுமில்ல. மரகதத்துக்கு அந்த மெஸ்ஸு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப வாயப் பொத்திட்டு நில்லு. 'ஒனக்கு சுட்டியா'ன்னு கேட்டா 'ஆமா'ன்னு சொல்லு. இவ்ளோதான் காம். இதுக்கு ஒங்க சாமி கோச்சுக்காது."

மரகதத்துக்கு அவ்வேலை ஏன் வேண்டும் என்பதைத் தங்கையா அறிவான். வீட்டாருக்குப் பிடிக்காத சாதியில் கணவனைத் தேடிக்கொண்டு, அண்ணன்மாரின் அரிவாளுக்குத் தப்பிக் கடல் கடந்தவள் அவள். தாய் இறந்த செய்திகூட அவளுக்கு வேற்று மனிதர் வாயிலாக எட்டு மாதம் கழித்தே வந்தது. அவள் காலூன்றி நிற்கத் தகுந்த தரை இவ்வுலகில் அந்தக் குடிசை அளவே இருந்தது.

அவ்விரவும் மறுநாளும் தங்கையா தன்னைத் தானே விசாரித்தான். ஞாயிறுதோறும் தான் காத்த பரிசுத்தம் ஒரு மனிதனின் பொய்க்குரலின் மேல் நின்றிருந்தது என்பது, அவன் செத்தபின்பே தனக்குப் புரிந்ததை எண்ணிக் குன்றினான். செவ்வாய்தோறும் தன் வாயும் அதே பொய்யைச் சொல்லியிருந்தது. அதை உதவி என்று பெயரிட்டுத் தின்று செரித்திருந்தான். ஈரமும் சேறுமாகக் கிடந்த அந்தக் கரையில் தனக்குப் பதிலாக ஒருவன் நசுங்கிக்கொண்டிருந்த வேளையில், ஆண்டவர் நம்மோடு மரம் உருட்டுகிறார் என்று இந்தியில் பேசிக்கொண்டிருந்தது அந்த வாய்தான்.

இன்னொரு பொய்யால் இதை மூடுவதா? மூடினால், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் தான் பாடும் ஒவ்வொரு பாட்டின் கீழும் அது கிடக்கும். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும், போகட்டும். ஆள் மாறாட்டம் செய்தவன் என்று விரட்டுவார்கள், விரட்டட்டும். ஆயினும் ஜம்புலிங்கம் மெய்யாகவே வேலை செய்துகொண்டிருக்கையில் இறந்தான் என்பது அப்போது ஐயமற விளங்கிவிடும். மேஸ்திரியின் பொய்யைக் காட்டிலும் உண்மையே மரகதத்துக்கு உறுதியான பிடி. தண்டனை தன் ஒருவன் தலையில் விழும். பயன் அவளுக்குச் சேரும். இவ்விதம் எண்ணி முடித்தபோது, மூன்று நாளில் முதன்முறையாக அவன் நெஞ்சு லேசாயிற்று. சிலுவை என்று கேட்டும் படித்தும் வந்தது இன்று தன் தோளுக்கு வந்துவிட்டதாகவே அவன் நம்பினான்.

செவ்வாய் மாலை மரகதம் அவனைக் கூப்பிட்டனுப்பினாள். அழுது வீங்கிய முகத்தோடு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மேஸ்திரி சொன்னாரு, நீங்க மொகத்தத் தூக்கி வச்சிருக்கீகன்னு. என்ன தம்பி யோசன?"

"ஒண்ணுமில்ல மதினி. உண்மையச் சொன்னா ஆண்டவர் ஆரையும் கைவிட மாட்டார்ன்னு..."

அவள் கை அரிசியில் அப்படியே நின்றது.

"தம்பி, ஒங்கள இதுவரைக்கும் நான் எதுவுமே கேட்டதில்ல. அவுக ஒங்களுக்காகப் போனாகன்னு நான் ஒரு வார்த்த சொன்னனா? சொல்லல. சொல்லவும் மாட்டேன். நாளைக்கி ஒரு நாளு மட்டும் சும்மா இருங்க. அது போதும் எனக்கு."

"மதினி, ஒங்களுக்கு ஒரு கெடுதியும் வராது. வந்தா எனக்குத்தான் வரும்."

"அத நீங்க எப்பிடிச் சொல்றீக?" என்றாள் அவள்.

புதனன்று காலை மோட்டார்ப் படகான லாஞ்சு வந்தது. மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி மழைக்கோட்டைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, தகரக் கூரையின் கீழ் அமர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். குரலை உயர்த்தாதவர், கூலியாளையும் நீங்கள் என்றே விளிப்பவர். முதலில் இறந்தவனுக்காகக் கண்ணை மூடி ஒரு கணம் இருந்தார். பின்பு மேஸ்திரியைக் கேட்டார், முன்ஷியைக் கேட்டார். இருவரும் ஒத்துச் சொன்னார்கள். மேனேஜர் தலையசைத்தார். வாசலோரம் முக்காடிட்டு நின்ற மரகதத்தை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. முடிவு ஏறத்தாழ ஆகியிருந்தது.

"தங்கையா, அன்னிக்கி உங்களுக்கு ஓய்வுதானே?"

ஆம் என்ற ஒரு சொல் போதும். தங்கையா மேஸ்திரியைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். அன்னைக்கி வேலை என்னோடது. ஜம்புலிங்கம் அண்ணன் எனக்குப் பதிலா, என் பேரச் சொல்லிட்டு வந்தாவ. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அப்பிடித்தான். செவ்வாக்கெழமை நான் அவிய பேருக்கு வருவேன். மேஸ்திரி சொன்னது என்னையக் காப்பாத்துறதுக்கு. தப்பு என் பேர்ல. என்னைய அனுப்பிருங்க. ஆனா அண்ணன் ட்யூட்டிலதான் செத்தாவ. அது சத்தியம்."

கூரையின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. கிருஷ்ணமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்போ ஜம்புலிங்கத்துக்கு அன்னிக்கி ஓய்வு."

"பேருக்கு ஓய்வு சார். ஆனா..."

"ஓய்வுல இருக்கறவருக்குக் கரையில என்ன வேலை? நான் அனுப்பலையே. தங்கையான்னு சொல்லி ஒருத்தர் உள்ள வந்தார். தங்கையாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும். தங்கையா இதோ உயிரோட நிக்கறார். ஜம்புலிங்கத்துக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? பேரை மாத்திச் சொல்லி நொழஞ்சவருக்கு நாளைக்கி முதலாளி என்னைக் கேட்டா என்ன சொல்வேன்?"

"சார், அவிய வேலதான பாத்தாவ! உங்க மரத்தத்தான உருட்டுனாவ!"

"உருட்டினார். இல்லேன்னு சொல்லலை." அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "இவங்க சொன்னபடியே இருந்திருந்தா எனக்குச் சந்தோஷம். கேட்டுண்டு போயிருப்பேன். இப்ப அத்தனை பேர் காதுலயும் விழுந்தாச்சே. நான் எப்படி விழாத மாதிரி இருக்கறது?"

அதன்பின் அவர் சொன்னவற்றைத் தங்கையா பாதி கேட்டான். சண்முகம் இனி மேஸ்திரி அல்லர். மரகதம் பிற்பகல் ஓதத்தில் திரும்பும் லாஞ்சிலேயே போர்ட் பிளேர் வரவேண்டும். அங்கே ஷாதிபூரில் தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மெயின்லேண்டுக்குக் கப்பல் புறப்படும் வரை தங்க வைப்பார். கப்பலுக்கும் அவரே சொல்லி வைப்பார். அது அவருடைய சொந்தத் தருமம்.

"உங்களை அனுப்பப் போறதில்லை தங்கையா," என்றார் இறுதியாக. "உங்க வேலை போகும்னு தெரிஞ்சே சொன்னீங்க. இந்தத் தீவுல அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. நாளையிலேர்ந்து மேஸ்திரி வேலையை நீங்க பாருங்க."

"வேண்டாம் சார். எனக்கு வேண்டாம். அந்த மெஸ்ஸு வேலைய மதினிக்குக் குடுங்க. எனக்குப் பதிலா அவியள இருக்க விடுங்க. நான் போறேன்."

"வேலைங்கறது உங்க சட்டையா, கழட்டி இன்னொருத்தருக்குப் போட்டு விட? இப்படி மாத்தி மாத்திப் போட்டதுலதானே இவ்வளவும் வந்தது."

யாரோ ஒருவன் பின்னால் மெல்லச் சிரித்தான். "பாதிரிக்குப் பதவி உயர்வுடா." சண்முகம் எழுந்து மழையில் இறங்கி நடந்தார்.

மரகதம் குடிசையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதற்கு மிகுதியாக ஒன்றும் இல்லை. தங்கையா நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

"மதினி, நான் இப்பிடி ஆவும்னு நெனக்கல."

"தெரியும்."

"எனக்குத்தான் தண்டனை வரும்னு..."

"அதுவும் தெரியும். அதத்தான் நேத்தும் சொன்னீக." அவள் முடிச்சை இறுக்கினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் அதைப் பற்றிக்கொண்டிருப்பான். "ஒங்க சாமி முன்னால சுத்தமா நிக்கணும்னு போனீக. நின்னுட்டீக. இனி நான் எங்க போயி நிக்கிறது, சொல்லுங்க."

அவன் அழுதான். "அழாதீக. எனக்கு ஒங்களத் தேத்தறதுக்குத் தெம்பு இல்ல," என்றாள். பிறகு தானே மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். தூக்க வந்த அவன் கையை விலக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை, அதைக் காணாதவள்போல் கடந்தாள்.

படகுத் துறைக்கு அவன் பின்தொடர்ந்தான். வழியெல்லாம் ஜெபிக்க முயன்றான். கடவுள் இல்லை என்று எண்ண முடிந்திருந்தால் அதுவும் ஓர் ஆறுதலாயிருக்கும். அவனால் அப்படி எண்ண முடியவில்லை. அவர் இருந்தார். தகரக் கூரையின் கீழ் உண்மை சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டு, விலையை வேறொருத்தியிடம் கேட்டிருந்தார். பொய் சொல்லியிருந்தால் தன் ஆத்துமா கெட்டிருக்கும், அவள் பிழைத்திருப்பாள். அந்த ஆத்துமாவை அவளுக்காகக் கெடவிட மனமில்லாதவனின் அன்பு எத்தகைய அன்பு? வேலையைக் கொடுக்கத் துணிந்தான், மானத்தைக் கொடுக்கத் துணிந்தான். தன் வெள்ளை மனச்சாட்சி ஒன்றை மாத்திரம் கைவிடாமல் பிடித்திருந்தான். அதைச் சிலுவை என்றும் எண்ணியிருந்தான். ஞாயிறு வரும், ராஞ்சிக் குடும்பங்கள் மூங்கில் பலகையில் வந்து உட்காரும். அவர்கள் முன் எழுந்து நின்று சொல்வதற்கு அவனிடம் ஒரு சொல்லும் இல்லை; இனி ஒரு காலத்திலும் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

லாஞ்சின் பின்புறத்தில் கயிற்றுச் சுருளுக்கு அருகே மரகதம் அமர்ந்தாள். கிருஷ்ணமூர்த்தி மழை படாத இடத்துக்கு வரும்படி அழைத்தார், அவள் அசையவில்லை. தங்கையா துறையின் கடைசிப் பலகைவரை போனான்.

"மதினி, நானும் வாறேன். போர்ட் பிளேர்ல ஏதாவது வேல பாத்து..."

"வேண்டாம் தம்பி," என்றாள் அவள். "ஊரு வாய்க்கு அது வேற வேணுமா? நீங்க இங்கயே இருங்க."

கயிற்றை அவிழ்த்தார்கள். இயந்திரம் இருமுறை திணறிப் பிடித்துக்கொண்டது. மரகதம் முகாமின் பக்கம் திரும்பியே இருந்தாள். ஆனால் அவள் பார்வை தங்கையாவின் தலைக்கு மேலே, கரைமேட்டில் முந்தாநாள் வரை சிதை புகைந்துகொண்டிருந்த இடத்தில் நின்றது. ஓதம் வடியத் தொடங்கியிருந்தது. லாஞ்சு கழியின் நடுவுக்குப் போய், சிறுத்து, அலையாத்திக் காட்டின் வளைவில் மறைந்தது. அப்போது பிற்பகல் மணி மூன்று இருபது.